தோற்பதற்கு ஓர் இடம்

2014 செப்டம்பர். துறையில் முதல் மணி முடிந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டாமாண்டு இளங்கலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி என் மேசை முன்னால் வந்து நின்றாள். கையில் ஓ.டி. படிவம். கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்துப் போட்டி, மூன்று நாள், வேலூரில். நான் அந்த வகுப்பின் பொறுப்பாசிரியர். நான் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மூன்று நாளும் வருகைப்பதிவில் ஏறும். இல்லையென்றால் எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போய்விடுவாள்.

"நான்தாம்மா கோல்கீப்பர்" என்றாள். தமிழ்த் துறையில் எங்களை மேடம் என்று கூப்பிடும் வழக்கம் இல்லை.

பதிவேட்டைப் புரட்டினேன். ஏற்கெனவே நிறைய விடுப்பு. அதைக் காரணமாகச் சொல்லியிருக்கலாம், அது நியாயமாகவும் இருந்திருக்கும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்த நேரம் அது. இந்தியப் பெண்கள் கால்பந்து அணி பத்து கோல் வாங்கித் தோற்றது என்ற செய்தியை நாளிதழின் விளையாட்டுப் பக்கத்து மூலையில் படித்திருந்தேன்.

"இந்தியா டீமே பத்து கோல் வாங்கிட்டு நிக்குது. நீங்க போய் என்ன பண்ணப் போறீங்க? எப்படியும் தோத்துட்டுத்தான் வரப் போறீங்க. அந்த மூணு நாள் உட்கார்ந்து இலக்கணம் படி."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. படிவத்தை நான்காக மடித்தாள். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த அணியில் மொத்தமே பன்னிரண்டு பெண்கள். அவர்களில் இரண்டு பேரை வீட்டில் வெளியூர் அனுப்பச் சம்மதிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோல்கீப்பரும் இல்லையென்றானதும் அணி போகவில்லை.

அப்போது என் முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்திருந்தது. பெண்ணுடல் பற்றிய கவிதைகள். கூட்டங்களுக்குக் கூப்பிடுவார்கள், போய்ப் பேசுவேன். பெண்ணுக்கு எல்லாக் கதவும் திறக்க வேண்டும் என்று மேடையில் சொன்ன அதே வாய்தான் அன்று அப்படியும் சொன்னது. இந்தக் கட்டுரையை எழுத எனக்கு வேறு காரணம் தேவையில்லை.

*

அன்று நான் சொன்ன வாக்கியத்துக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. தோற்கப் போகிறவர்களுக்கு ஏன் வாய்ப்பு தர வேண்டும்? கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. பணம் குறைவு, நாள் குறைவு, இடம் குறைவு, ஜெயிக்கக்கூடியவர்களை அனுப்புவோம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'தகுதி'. இந்தத் தகுதி எங்கே தயாராகிறது, யார் வீட்டில் சமைக்கப்படுகிறது என்று நாம் கேட்பதில்லை.

இந்தியப் பெண்கள் கால்பந்தின் கதையிலிருந்தே இதைப் பார்க்கலாம்.

இந்தியப் பெண்களுக்கான கால்பந்துச் சம்மேளனம் 1975-இல் உருவானது. ஆண்களின் கால்பந்தை நிர்வகித்த அமைப்புக்கு வெளியே, தனியாக, கைக்காசும் ஆர்வமுமாக நடந்த அமைப்பு அது. அந்தக் காலத்தில்தான் இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பையில் இரண்டு முறை, 1979-லும் 1983-லும், இரண்டாமிடம் பெற்றார்கள். 1983-இல் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் கால்பந்து வீராங்கனை அவர். ஆசியாவில் இரண்டாமிடம் என்பது இன்றைக்கு நம் ஆண்கள் அணிக்கும் கனவு. ஆனால் அன்று ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் கால்பந்து என்ற ஒன்றே இல்லை. ஆண்களுக்கு 1951-இல் தொடங்கிய முதல் போட்டியிலிருந்தே கால்பந்து உண்டு. பெண்களுக்கு 1990-இல் பெய்ஜிங்கில்தான் சேர்த்தார்கள். ஒலிம்பிக்கிலோ 1996, அட்லாண்டாவில்தான்.

நம் பெண்கள் நன்றாக ஆடிய காலத்தில் மேடை இல்லை. மேடை போட்டபோது, ஆடியவர்கள் ஓய்ந்துபோயிருந்தார்கள். அடுத்த தலைமுறையை யாரும் தயார்செய்து வைத்திருக்கவில்லை.

1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு இந்தியப் பெண்கள் அணி முதன்முறையாகப் போனது. சீனாவிடம் 0-16 என்று தோற்றது. அந்த நாளின் சீன அணி உலகத்தின் மிக வலிமையான அணிகளில் ஒன்று. அடுத்த ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போன அணி. இந்திய அணிக்கோ ஆசிய விளையாட்டுப் போட்டி என்றால் என்னவென்று பார்க்கவே அதுதான் முதல் சந்தர்ப்பம்.

அதற்குப் பிறகு 2002 பூசான், 2006 தோஹா, 2010 குவாங்சோ என மூன்று ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. மூன்றிலும் இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஆடியது. பெண்கள் அணி ஒன்றிலும் இல்லை. மறுபடி அவர்களைப் பார்க்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்தக் கோப்பில் என்ன காரணம் எழுதப்பட்டிருந்தாலும் விளைவு ஒன்றுதான்: பதினாறு கோல், பதினாறு ஆண்டு.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. பதினெட்டு மாதம் சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடாத அணியை ஃபிஃபா அப்போது தன் தரவரிசைப் பட்டியலிலிருந்து நீக்கிவந்தது. 2009-இல் இந்தியப் பெண்கள் அணி அப்படிப் பட்டியலிலிருந்தே காணாமல்போனது. தோற்றதால் போகவில்லை, ஆட அனுப்பாததால் போனது.

*

இதை மனதில் வைத்துக்கொண்டு 2018-க்கு வருவோம். ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. குழு விளையாட்டு என்றால் ஆசியத் தரவரிசையில் முதல் எட்டு இடங்களுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் அனுப்ப மாட்டோம் என்று இந்திய ஒலிம்பிக் சங்கம் சொல்லிவிட்டது. ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே போகவில்லை.

இருவருக்கும் ஒரே விதி. இதில் என்ன பாரபட்சம் என்று கேட்கத் தோன்றும். விதி ஒன்றுதான். ஆனால் ஆண்களின் தரவரிசைக்குப் பின்னால் 1951, 1962 தங்கப் பதக்கங்கள், நூறாண்டுப் பழைய சங்கங்கள், லீக் ஆட்டங்கள், ஊதியம், தோற்றாலும் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட அரை நூற்றாண்டு எல்லாம் இருக்கின்றன. ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணி கடைசியாகப் பதக்கம் வாங்கியது 1970-இல். அதற்குப் பிறகும் அவர்கள் போனார்கள், தோற்றார்கள், மறுபடி போனார்கள். அதை யாரும் 'ஆண்களுக்குக் கால்பந்து ஒத்துவராது' என்று வாசிக்கவில்லை. பெண்களுக்கான தேசிய லீக் போட்டியே 2016-17-இல்தான் தொடங்கியது. ஒரே பந்தியில் ஒரே நேரத்தில் இலை போட்டாலும், ஒருத்தி காலையிலிருந்து பட்டினியாக அடுப்படியில் நின்றவள் என்பதை இலை பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

2023-இல் ஹாங்சோ போட்டிக்கும் அதே எட்டு இட விதி வந்தது. இந்த முறை ஆண்கள் அணியின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக் பிரதமருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ரசிகர்கள் கொதித்தார்கள், செய்தி பெரிதானது. ஜூலை கடைசியில் விளையாட்டு அமைச்சகம் விதியைத் தளர்த்தி இரண்டு அணிகளையும் அனுப்பியது. ஆசியத் தரவரிசையில் ஆண்கள் அணி அப்போது பதினெட்டாம் இடம். பெண்கள் அணி அதைவிட மேலே. ஆனாலும் கதவு தட்டப்பட்டது ஆண்களுக்காக. திறந்த கதவு வழியே பெண்களும் உள்ளே போனார்கள். கல்யாண வீட்டில் அண்ணனுக்குத் துணி எடுக்கும்போது தங்கைக்கும் ஒன்று எடுப்பதுபோல.

பெண்கள் வென்ற கணக்கை யாராவது வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்தேன். தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் 2010 டாக்கா, 2016 ஷில்லாங், 2019 போக்ரா என மூன்று முறையும் பெண்கள் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குத்தான். மூன்று இறுதி ஆட்டங்களிலும் எதிரணி நேபாளம். நம் மாநிலத்துக்கு வந்தால், 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள், அந்தக் கோப்பையைத் தங்கள் வீட்டுப் பாத்திரம்போல வைத்திருந்த மணிப்பூரை 2-1 என்று வென்றார்கள். 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தேசியக் கோப்பை மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்தது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர்.

இவற்றில் ஒன்றுகூட எனக்கு நடந்த அன்று தெரியாது. 0-10 மட்டும் தெரிந்தது. பெண்களின் வெற்றி காதுக்கு எட்டுவதில்லை. தோல்வி மட்டும் எட்டிவிடுகிறது. எட்டியதும் அது சாட்சியமாகிவிடுகிறது. தென்கொரியாவிடம் தோற்றது ஓர் இந்திய அணி. திருவண்ணாமலையில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான் அதைப் பெண்கள் எல்லோருக்கும் எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தினேன்.

*

நான் தமிழ் படித்தவள். ஆகவே என் பாடத்துக்குள்ளும் போய்த் தேடினேன். பெண்ணும் பந்தும் நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் பந்தாடுகிறார்கள், கழங்காடுகிறார்கள், ஊசலாடுகிறார்கள். பிற்காலத்துக் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிப்பதைத் திரிகூடராசப்பக் கவிராயர் துள்ளும் சந்தத்தில் பாடியிருக்கிறார். வகுப்பில் அதைச் சந்தத்தோடு வாசித்துக் காட்டினால் தூங்குகிற பிள்ளைகளும் எழுந்துவிடும். ஆனால் அந்தப் பாட்டில் நாம் பார்ப்பது பந்தையா? வளையும் இடையும் குலுங்கும் வளையலுமாக அவளுடலைத்தான் பார்க்கிறோம். எதிரே ஆடுகிறவள் இல்லை. ஆட்டத்துக்குக் கணக்கு இல்லை. அங்கே யாரும் தோற்பதில்லை, அதனால் யாரும் ஜெயிப்பதும் இல்லை.

கொங்குவேளிரின் பெருங்கதை இதில் வித்தியாசமானது. அதில் பந்தடி கண்டது என்றொரு காதை உண்டு. அரசிகளின் தோழிப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து பந்தடிக்கிறார்கள். யார் எத்தனை அடித்தாள் என்று எண்ணிக்கை சொல்லப்படுகிறது. ஒருத்தி அடித்ததை அடுத்தவள் மிஞ்சுகிறாள். இறுதியில் மானனீகை என்பவள் எல்லோரையும் மிஞ்சுகிறாள். தமிழில் பெண்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு, கணக்கு வைத்து, தோற்று, வென்ற விளையாட்டுக் காட்சி என்று எனக்கு உடனே நினைவுக்கு வருவது இதுதான். முனைவர் பட்ட நாட்களில் இதை முதலில் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மன்னன் உதயணன் மானனீகைமேல் காதல் கொள்கிறான். அவ்வளவு அடித்த கை, மன்னனின் கண்ணுக்கு விருந்தாகிப்போகிறது. அவளிடம் தோற்ற பெண்களின் பெயர்கள் அதற்குப் பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை.

நம் மரபு பெண் விளையாடுவதைத் தடுத்தது என்று சொல்ல மாட்டேன். விளையாடுவதை ரசித்தது. ரசிப்பும் ஒருவகை வேலிதான். பார்க்க அழகாக இருக்கும்வரை ஆடலாம். சேற்றில் விழுந்து, முட்டி பெயர்ந்து, பத்து கோல் வாங்கி, மூக்கு ஒழுக அழுதுகொண்டு மைதானத்தைவிட்டு வெளியேறுகிற பெண்ணுக்கு அந்தப் பாடல்களில் இடமில்லை. அவளும் ஆடியவள்தான் என்று சொல்ல நம்மிடம் சந்தம் இல்லை.

இங்கிலாந்தின் கதை இன்னும் வெளிப்படை. 1920 டிசம்பரில் லிவர்பூலில் நடந்த ஒரு பெண்கள் கால்பந்தாட்டத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்குமேல் கூடினார்கள். மறு ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று சொல்லித் தன் மைதானங்களை மூடியது. அந்தத் தடை ஐம்பது ஆண்டு நீடித்தது. அங்கே பெண்கள் தோற்கவில்லை, கூட்டம் சேர்த்தார்கள். அதுவே குற்றமாயிற்று.

ஜெயித்தாலும் விடுவதில்லை என்பதற்கு நாம் இங்கிலாந்து வரை போக வேண்டியதும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர் செங்கல் சூளையில் வேலை செய்யும் படம் நாளிதழ்களில் வந்தது. பெண் வென்றால், நீ பெண்தானா என்று கேட்கிறார்கள். தோற்றால், பெண் என்றால் இப்படித்தான் என்கிறார்கள். இரண்டு கேள்விகளையும் கேட்பது ஒரே வாய்.

*

இந்த இடத்தில் என்னை நானே மறுத்துப் பார்க்க வேண்டும். வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது.

விளையாட்டு என்பதே திறமையை அளப்பதற்கு. மேடை எல்லோருக்கும் என்றாகிவிட்டால் மேடைக்கு என்ன மதிப்பு? அதோடு, 0-16 என்பது உரிமையா, அவமானமா? ஆயத்தமில்லாத பெண்களை உலகத்தின் சிறந்த அணிக்கு முன்னால் நிறுத்துவது கருணையா, கொடுமையா? அனுப்பாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு அந்த வலி இருந்திருக்காதே.

இதில் பாதி உண்மை இருக்கிறது. தோற்பதற்கென்றே ஒருவரை அனுப்புவதும், தோற்கவும் இடம் தருவதும் ஒன்றல்ல. பயிற்சியில்லாமல், பழக ஆட்டங்களில்லாமல், நல்ல காலணிகூட இல்லாமல் தள்ளிவிடுவது முதல் வகை. முழுதாகத் தயார்செய்து அனுப்பி, அப்படியும் தோற்றால் அடுத்த முறையும் அனுப்புவது இரண்டாம் வகை. 1998-இல் குறை, அவர்களை அனுப்பியதில் இல்லை. முன்னால் தயார்செய்யாததிலும், பின்னால் பதினாறு ஆண்டு வீட்டில் வைத்ததிலும் இருக்கிறது. வலியிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் பெண்களை வீட்டுக்குள் வைத்த வரலாறு நமக்குப் புதிதா என்ன? பெண்ணைப் பூட்டி வைத்த எந்தப் பூட்டையும் யாரும் பகை என்று சொல்லிப் பூட்டவில்லை. அக்கறை என்றுதான் சொன்னார்கள். நானும் அக்கறையோடுதான் இலக்கணம் படிக்கச் சொன்னேன்.

மேடையின் மதிப்பு பற்றிய கேள்விக்கு என் பதில் இது. திறமை பிறக்கும்போதே கூட வருவதில்லை. தன்னைவிட வலியவரோடு மோதித்தான் அது வளர்கிறது. மோதும் இடத்துக்கு வரத் திறமையை முன்பணமாகக் கேட்டால், ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர் மட்டும்தான் கட்ட முடியும். நீச்சல் தெரிந்தால்தான் கிணற்றில் இறங்கலாம் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

தாய்லாந்து அணிக்கு எதிரான மூன்று ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2014 இஞ்சியோனில் இந்தியா 0-10 என்று தோற்றது. 2023 ஹாங்சோவில் 0-1. அதே போட்டியில் சீன தைபேயிடம் 1-2. இரண்டு தோல்வியோடு குழு நிலையிலேயே வெளியேறினார்கள். 'வெறுங்கையோடு திரும்பினார்கள்' என்று எழுதிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். 2025 ஜூலையில் தாய்லாந்தின் சியாங் மாயில், தாய்லாந்துக்காரர்களின் சொந்த மண்ணில், சங்கீதா பாஸ்ஃபோரின் இரண்டு கோல்களால் இந்தியா 2-1 என்று வென்றது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல்முறை. பத்திலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து வெற்றி. 2023-இன் அந்த 0-1 தோல்வியை எடுத்துவிட்டால் 2025 எங்கிருந்து வரும்?

ஆனால் இந்தக் கணக்கோடு நான் நிறுத்திக்கொண்டால் ஏமாற்றியவளாவேன். தோற்க விடுங்கள், நாளைக்கு ஜெயிப்பார்கள் என்பது கடன் கொடுப்பவரின் பேச்சு. ஜெயிக்கவே இல்லையென்றால்? 2025-லும் தோற்றிருந்தால் அவர்களுக்கு இடம் இல்லையா?

இருக்கிறது என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம். ஒரு பெண் தன் முழு பலத்தையும் திரட்டி ஒன்றை முயன்று, அதில் தோற்று, அந்தத் தோல்வியைத் தன்னுடையதென்று வைத்துக்கொள்வது அவளுக்குரியது. என்னால் இவ்வளவுதான் முடிந்தது என்று ஒருத்தி தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கும், உன்னால் முடியாது என்று இன்னொருவர் அவளுக்குச் சொல்வதற்கும் நடுவே ஒரு வாழ்க்கையே இருக்கிறது. முதலாவதில் அவள் தன் எல்லையைத் தொட்டுவிட்டு வருகிறாள். இரண்டாவதில் அவளுக்கு எல்லை எங்கே என்றே தெரியாது. வேலி எங்கே என்று மட்டும் தெரியும்.

தோற்கக்கூட முடியாமல் போவது எப்படியிருக்கும் என்பதை 2022 ஜனவரியில் பார்த்தோம். ஆசியக் கோப்பை இந்தியாவில் நடந்தது. நம் பெண்கள் தங்கள் சொந்த மண்ணில் ஆடினார்கள். ஈரானோடு முதல் ஆட்டம் 0-0. இரண்டாம் ஆட்டம் சீன தைபேயோடு, நவி மும்பையில். அதற்குள் அணிக்குள் கொரோனா பரவி, களமிறக்க வேண்டிய குறைந்தபட்சம் பதின்மூன்று பேர்கூட மிஞ்சவில்லை. ஆட்டம் நடக்கவில்லை, விதிப்படி இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாக அறிவித்தார்கள். ஆடிய அந்த ஒரு ஆட்டமும் கணக்கிலிருந்து நீங்கியது. செய்தியை வாசித்தபோது எனக்கு வேலூர் போகாத பன்னிரண்டு பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். இவர்களைத் தடுத்தது நோய்.

அவர்களைத் தடுத்தது நான்.

*

நான் அடி அண்ணாமலையில் இருக்கிறேன். கிரிவலப் பாதை எங்கள் ஊர் வழியாகப் போகிறது. பௌர்ணமி இரவுகளில் தெருவைக் கடக்க முடியாது. பதினான்கு கிலோமீட்டரைச் சுற்ற லட்சக்கணக்கில் வருகிறார்கள். அதில் பெண்களைக் கவனிப்பேன். முட்டிவலியோடு வருகிறவர்கள், பாதி வழியில் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறவர்கள், இனி முடியாது என்று ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுகிறவர்கள். சுற்றி முடிக்கிற உடம்பு இருந்தால்தான் புறப்படலாம் என்று யாரும் அவர்களைத் தடுத்து நிறுத்துவதில்லை.

இந்த ஊரில் மாணிக்கவாசகருக்குக் கோயில் உண்டு. திருவெம்பாவையை அவர் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. பெண்கள் காய்களை வீசிப் பிடித்தாடும் அம்மானை விளையாட்டை வைத்துப் பாடிய திருவம்மானையும் அப்படியே. மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கும்போது எனக்குத் தோன்றுவது பக்தி அல்ல. ஒரு பெண்கள் கூட்டம் வீடு வீடாகப் போய்த் தூங்குகிறவளைக் கேலி செய்து எழுப்புகிறது. எழுந்தவர்கள் மட்டும் போவோம் என்று அவர்கள் விட்டுவிடுவதில்லை. பாடியவர் ஆண் என்றாலும், அந்தக் கூட்டத்தின் வழக்கம் எனக்குப் பிடிக்கும். அணி என்றால் அதுதானே.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருக்கிறது. பௌர்ணமி வந்தால் வண்டிகள் நிற்கும். மற்ற நாட்களில் சாயங்காலம் பையன்கள் ஆடுவார்கள். இரண்டு வருடமாக ஓரத்தில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். செருப்புகளைக் குவித்து கோல் கம்பமாக வைத்துக்கொள்கிறார்கள். இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தாக ஒரு குரல் வரும், ஒவ்வொருத்தியாகக் குறைவாள். பையன்களுக்கு அந்தக் குரல் வருவதில்லை. அவர்கள் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆடுகிறார்கள்.

போன ஐப்பசிப் பௌர்ணமியன்று வாசலில் தண்ணீர்ப் பானை வைத்துவிட்டு நின்றிருந்தேன். "அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று ஒருத்தி நின்றாள். எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. அதே பெண். கூட மாமியார், இடுப்பில் குழந்தை. ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாளாம். பட்டம் முடித்துவிட்டாள். இலக்கணத் தாளில் நல்ல மதிப்பெண் என்று அவளே சொன்னாள்.

எனக்கு அந்தப் படிவம் நினைவிருந்தது. அவளுக்கு நினைவிருக்குமோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அன்னைக்கு உன்னை வேலூருக்கு அனுப்பியிருக்கணும். நான் தப்புப் பண்ணிட்டேன்."

அவள் சிரித்தாள். "அதையெல்லாம் இன்னுமா ஞாபகம் வச்சிருக்கீங்க? விடுங்கம்மா. எப்படியும் தோத்துட்டுத்தான் வந்திருப்போம்."

என் வாக்கியம். பத்து வருடத்துக்கு மேலாக அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, எனக்கு ஆறுதலாகத் திருப்பிக் கொடுத்தாள். பதினாறு கோல் போட்ட எந்த அணியும் யாரையும் இவ்வளவு முழுதாகத் தோற்கடித்திருக்காது.

"ஆமா, தோத்திருப்பீங்க" என்றேன். "ஆனா எத்தனை கோல்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தார். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு இரண்டடி போனவள், திரும்பி, "வேலூர் டீம்ல ஒரு லெஃப்ட் விங் இருந்தாம்மா. அவ அடிக்கிறதை ஒண்ணாவது புடிச்சிருப்பேன்" என்றாள். பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.